திருகோணமலையில் தங்குவதற்கு நிலாவெளி ரிசோர்ட் நல்லதா, டவுனில் சாதாரண ஹோட்டல் போதுமா?

வயதான அம்மா அப்பாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகக் கேட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் யோசிக்காமல் டவுனிலேயே அறை எடுங்கள், அதுவும் டச் பே கடற்கரைப் பக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் குடும்பமாகப் போகும்போதெல்லாம் அங்கேதான் தங்குவோம்.

திருகோணமலை டவுன் ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் டச் பே, மறுபக்கம் உள்துறைமுகம். விடியற்காலையில் ஒரு கரையில் சூரியன் வருவதைப் பார்த்துவிட்டு, பின்னேரம் மற்றக் கரைக்கு நடந்தே போகலாம். போர்த்துக்கேயர் 1624இல் கட்டிய கோட்டையும் பக்கத்திலேயே இருக்கிறது. இன்றும் அதற்குள் இராணுவம் இருக்கிறது. கோட்டைக்குள்ளால் மெல்ல ஏறிப் போனால் கோணேசர் கோயில். நிலாவெளியில் தங்கினால் காலைப் பூசைக்குப் பதினைந்து கிலோமீற்றர் அளவு ஓட்டோவில் வரவேண்டும். எங்கள் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். டவுனில் நிற்பதால் வெயில் ஏறுவதற்கு முதலே ஆறுதலாக நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவா. வெயில் ஏறிய பிறகு அந்த மலையில் செருப்பில்லாமல் கால் வைக்க ஏலாது.

நாங்கள் தங்கும் ஹோட்டலில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. லிஃப்ட் கிடையாது. கட்டில், நுளம்பு வலை, ஏசி, இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்ட சின்ன பல்கனி, அவ்வளவுதான். உப்புக்காற்றில் ஜன்னல் கொண்டி துருப்பிடித்து இறுகிப்போய் இருக்கும். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால்தான் திறக்கும். திறந்தால் நேரே கடல். விடிய விடியப் புள்ளிமான்கள் வீதியைக் கடந்து மணலுக்கு வரும், பிள்ளைகள் பல்கனியை விட்டு அசைய மாட்டார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: சாப்பாட்டு மிச்சத்தைப் பொலித்தீனோடு வெளியே போடாதீர்கள். மான்கள் அதையும் சேர்த்துத் தின்று செத்துப்போகின்றன. பார்க்கவே வயிறு எரியும்.

காசு கட்டுவதற்கு முன் அறைக்குள் போய்ப் பாருங்கள். குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், சில இடங்களில் உவர் அடிக்கும். பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். காலைச் சாப்பாடு சேர்த்து எடுக்கத் தேவையில்லை. வெளியே சைவக் கடையில் இடியப்பமும் சொதியும் சூடாகக் கிடைக்கும், அதுதான் ருசியும்.

சரி, கடலில் குளிக்க? அதற்கு உப்புவெளியும் நிலாவெளியும்தான். குச்சவெளி, புல்மோட்டை போகும் பஸ் எல்லாம் அந்த வழியால்தான் போகும். ஒரு பகல் முழுக்க அங்கே நின்றுவிட்டுப் பின்னேரம் திரும்பலாம். புறாத்தீவுக்குப் படகும் நிலாவெளியில்தான். அது தேசிய பூங்கா, நுழைவுச்சீட்டு வேண்டும்; பவளப்பாறையில் யாரையும் மிதிக்க விடாதீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் டவுனிலிருந்து ஓட்டோவில் போய்வருவது சுகம். இளம் சோடியாக வந்து நாள் முழுக்க கடலிலேயே கிடக்கப் போகிறீர்கள் என்றால் நான் உப்புவெளியைச் சொல்லியிருப்பேன். உங்கள் குடும்பத்துக்கு அது சரிவராது.

மே முதல் செப்டெம்பர் வரை வாருங்கள். அப்போது கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தரையிலிருந்து வீசுவதால் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். பகலில் அனல் அடிக்கும், அதனால் ஏசி அறையே எடுங்கள். நவம்பர், டிசம்பரில் வாடைக்காற்றும் மழையும், பிள்ளைகளைக் கடலில் இறக்கவே கூடாது.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்தால் விடியவே இறங்கிவிடுவீர்கள், ஆனால் ஹோட்டல்களில் அறை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் தருவார்கள். பதிவு செய்யும்போதே போன் எடுத்து, வெள்ளெனவே அறை தருவீர்களா, இல்லாவிட்டால் பைகளை வைத்துவிட்டு முகம் கழுவவாவது விடுவீர்களா என்று கேட்டுவிடுங்கள். பெரியவர்களை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பது பெரிய கரைச்சல்.