தையலுக்கு வீட்டில் எந்த இடம்? கேள்வி பதில்

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டோடு தையல் வைத்து 26 வருடம் ஆகிறது. இந்தக் காலத்தில் மூன்று வீடு மாறி, மெஷினை ஏழெட்டு இடத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தவள் நான். வீட்டில் எங்கே தைப்பது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கேட்டவரின் ஊர்ப் பெயரைப் போட்டு, தெரிந்ததை எழுதுகிறேன்.

ஆரையம்பதி: அக்கா, எட்டுக்குப் பத்து அடியில் ஒரு சின்ன அறை சும்மா கிடக்கிறது. ஹோலிலும் ஒரு மூலை இருக்கிறது. எது நல்லது?

அளவுநாடா எடுக்க முதல் ஒரு வேலை செய்யுங்கள் தங்கச்சி. ஒரு கதிரை, ஒரு முழம் கறுப்புத் துணி, கறுப்பு நூல் கோத்த ஊசி. பின்னேரம் நாலு மணிக்கு லைட் போடாமல் அந்த அறையில் இருந்து பத்துத் தையல் போடுங்கள். பிறகு அதைப் பிரியுங்கள். நூல் எது, துணி எது என்று பிரித்தறிய முகத்தைத் துணிக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தால் அந்த இடம் வேண்டாம். ஹோல் மூலையிலும் இதே மாதிரிச் செய்து பாருங்கள்.

வலக்கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கத்தில் இருந்து வர வேண்டும். வலப்பக்கத்தில் இருந்து வந்தால் உங்கள் கை நிழல் ஊசியடியில் விழும். யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் தலை நிழல் விழும். அறை சின்னது என்று கவலைப்பட வேண்டாம். எட்டுக்குப் பத்து ஒரு ஆளுக்குத் தாராளம்.

கொக்கட்டிச்சோலை: வடக்கு யன்னல்தான் சிறந்தது, வெயில் படாது என்று படித்தேன். எங்கள் வடக்கு யன்னலில் ஜூன் மாதம் வெயில் அடிக்கிறதே?

நல்ல கேள்வி. அந்தக் கணக்கு நமக்கு வடக்கே தூரத்தில் இருக்கும் நாடுகளுக்கு உரியது. மட்டக்களப்பு பூமத்திய கோட்டுக்கு வடக்கே 8 பாகைக்கும் உள்ளேதான் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு மேலே வந்து, பிறகு வடக்குப் பக்கம் சாய்ந்துவிடும். செப்டெம்பர் தொடக்கத்தில்தான் திரும்பி வரும். அந்த மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு யன்னலுக்குள் சாய்வெயில் வரத்தான் செய்யும். மற்ற மாதங்களில் தெற்கு யன்னலுக்கு அந்த வெயில்.

அதனால் இங்கே திசையைவிட இறவாணம்தான் முக்கியம். கூரை இரண்டரை, மூன்றடி வெளியே நீண்டிருந்தால் வடக்கும் நல்லது, தெற்கும் நல்லது. மேற்கு யன்னல் மட்டும் வேண்டாம். கச்சான் என்ற மேற்குக் காற்று வீசும் நாளில் பின்னேரம் அந்தப் பக்கம் இருக்க முடியாது. அடுக்கி வைத்த துணியும் மடிப்பு மடிப்பாக வெளிறிப்போகும்.

களுவாஞ்சிகுடி: மெஷினுக்கு இடம் இருக்கிறது. வெட்டுவதற்கு இல்லை. நிலத்தில் வைத்து வெட்டலாமா?

வெட்டும் இடத்தை முதலில் பாருங்கள், மெஷின் பிறகு என்று நான் சொல்லாத ஆளில்லை. ஜுகி என்ற பெரிய மோட்டர் மெஷினின் மேசைகூட நாலடி நீளம், 20 அங்குல அகலம்தான். துணிதான் இடம் கேட்கும். 60 அங்குலப் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியை இரண்டாக மடித்தால் 30 அங்குலம். ஆகவே 30 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் ஆறடி நீளமும் உள்ள பலகை வேண்டும். உயரம் உங்கள் முழங்கைக்குச் சற்றுக் கீழே. சாப்பாட்டு மேசை அதைவிட உயரம் குறைவு, நாள் முழுக்கக் குனிந்து வெட்டினால் நாரி விட்டுப்போகும். நிலத்தில் வெட்டினால் இன்னும் மோசம். இடமில்லாவிட்டால் சுவரில் பிணைச்சல் போட்டு மடித்துவைக்கும் பலகை செய்வியுங்கள். தச்சருக்கு அரைநாள் வேலை.

ஏறாவூர்: வாஸ்துப்படி எந்த மூலை?

அது என் துறை இல்லை. வெளிச்சம் உள்ள மூலை என்றுதான் என்னால் சொல்ல முடியும்.

வாழைச்சேனை: முன் விறாந்தையில் கிறில் அடித்திருக்கிறோம். அங்கேயே வைக்கலாமா?

வேண்டாம். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஊசித்தண்டும் பொபின் கூடும் துருப்பிடிக்கும். மாரியில் வாடைக்காற்றோடு தூவானமும் அடிக்கும்.

காத்தான்குடி: மன்னிக்க வேண்டும் அக்கா, இதை ஏற்க முடியாது. எங்கள் உம்மா விறாந்தையில் இருந்துதான் 30 வருடம் அபாயா தைத்தார். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். நீங்கள் சொல்லும் சோதனையில் எங்கள் வீட்டில் தேறுவது விறாந்தை மட்டும்தான்!

கல்முனை: நானும் காத்தான்குடித் தங்கச்சியின் பக்கம். ரோட்டில் போகிறவர்கள் மெஷினைக் கண்டால்தான் வேலை வரும். உள்ளறையில் இருந்தால் யாருக்குத் தெரியும்?

வாழைச்சேனை: வேலை வரும், சரி. அளவெடுக்க எங்கே போவது? ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள்.

உம்மாவின் 30 வருடத்துக்கு முன்னால் என் 26 வருடத்தை வைத்து வாதாட மாட்டேன். என் சோதனையை வைத்தே என்னை மடக்கிவிட்டீர்கள், அந்த நியாயம் சரிதான். ஆனால் உம்மா எந்த மெஷினில் தைத்தார்? கால் மெஷின் என்றால் இரவில் இரண்டு பேர் பிடித்து உள்ளே வைத்திருப்பார்கள். மோட்டர் பூட்டிய ஜுகியை அப்படித் தினமும் தூக்க முடியாது. மழைத்தூவானம் படும் இடத்தில் கரண்ட் மெஷின் வைப்பதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

கல்முனைத் தம்பி, வேலை வர ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டால் போதும். என் வீட்டில் இப்போது இருக்கும் ஒழுங்கு இதுதான்: மெஷின் முன் அறையில், விறாந்தைப் பக்க யன்னலோடு ஒட்டி. வருகிறவர்களுக்கு விறாந்தையில் கதிரை. அளவெடுக்க உள்ளே, திரை போட்ட மூலை. வெளிச்சமும் கிடைக்கிறது, வருகிறவருக்கு மெஷின் சத்தமும் கேட்கிறது.

விறாந்தைதான் ஒரே இடம் என்றால் அங்கேயே தையுங்கள். வேலை முடிந்ததும் பருத்தித் துணியால் மூடுங்கள். பொலித்தீன் வேண்டாம், உள்ளே வியர்த்துத் துருவைக் கூட்டும். மெஷின் எண்ணெய் மட்டும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும்.

காத்தான்குடி: உம்மாவுடையது கால் மெஷின்தான். இரவில் வாப்பாதான் உள்ளே தூக்கி வைப்பார்.

அப்படியென்றால் உம்மா சரியாகத்தான் செய்திருக்கிறார்.

சித்தாண்டி: மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும் இடம். என்ன செய்வது?

துணியை நிலத்தில் வைக்காதீர்கள். கட்டிலுக்குக் கீழேயும் வைக்காதீர்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கையிலும் தண்ணீர் ஏறியது. கட்டிலுக்குக் கீழே பெட்டியில் ஒரு பிள்ளையின் கலியாணச் சாரிக்குரிய பிளவுஸ் துணி. சிவப்பும் தங்கமும். தூக்கும்போது பெட்டியின் அடி கழன்று விழுந்தது. மற்றத் துணியின் நீலம் அதில் ஊறி, வரி வரியாக நின்றது. அந்தத் தாய் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சுவரில் இடுப்புக்கு மேலே தட்டுப் போடுங்கள். பிளக்கும் அந்த உயரத்தில் இருக்கட்டும். மெஷின் மோட்டர் மேசைக்குக் கீழேதான் தொங்குகிறது, தண்ணீர் முதலில் தொடுவது அதைத்தான். வருகிறது என்று தெரிந்தவுடன் கழற்றி மேலே வையுங்கள்.

செங்கலடி: சின்ன அறையா, ஹோலா?

முதல் பதிலைப் பாருங்கள். கறுப்புத் துணி.

மருதமுனை: மெஷின், அயன் பொக்ஸ், ஃபேன் மூன்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் கோட் போதுமா?

போதாது. அயன் பொக்ஸ் மட்டுமே 1000 வாட் அளவு இழுக்கும். அதற்குச் சுவரில் தனி பிளக் வேண்டும். வயர் நடக்கும் வழியில் கிடக்கக் கூடாது, கால் தட்டிச் சூடான அயன் பிள்ளையின் மேல் விழும். கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பட்டனை அழுத்திப் பாருங்கள். லைட்டுக்கு டேலைட் என்று போட்ட வெள்ளை பல்ப் வாங்குங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் கடும் நீல நூலைக் கறுப்பு என்று கோத்துவிடுவீர்கள்.

பொத்துவில்: மெஷின் தையல் விட்டுவிட்டு விழுகிறது.

புது ஊசி போட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால் மெக்கானிக். இன்று இடத்தைப் பற்றி மட்டும்தான்.

ஓட்டமாவடி: ஹோல் மூலை நல்லதா, அறை நல்லதா?

நாலு மணி, கறுப்புத் துணி, கறுப்பு நூல். இதை இனிக் கேட்க வேண்டாம்.

அக்கரைப்பற்று: மேல்மாடியில் வைத்தால் கீழே சத்தம் போகிறது. பெருநாள் நேரம் இரவிரவாகத் தைக்க வேண்டும்.

கிளச் மோட்டரைக் கழற்றி சேர்வோ மோட்டர் போடுங்கள். கிளச் மோட்டர் நீங்கள் தைக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும், சேர்வோ கால் வைத்தால்தான் ஓடும். கரண்ட் பில்லும் குறையும். மேசைக் கால் நாலுக்கும் தடித்த ரப்பர் வைத்து, அறை நடுவில் இல்லாமல் சுவர் ஓரமாக, கீழே சுவர் வரும் இடத்தில் போடுங்கள்.

திருக்கோவில்: அக்கா, சோதனை செய்தேன். குசினிக்குப் பக்கத்து யன்னலடியில்தான் நூல் தெரிகிறது. அங்கே வைக்கலாமா?

வையுங்கள் மகள். சோதனையைச் செய்துவிட்டுக் கேட்டதற்கு என் மனம் நிறைந்தது. குசினிக் கதவில் இருந்து நாலடியாவது தள்ளி வையுங்கள், தாளிக்கும் எண்ணெய்ப் புகை வெள்ளைத் துணியில் படியும். பாடசாலைச் சீருடை தைக்கும் நாட்களில் சமையல் முடிந்த பிறகு மெஷின் மேசையை ஒருதரம் துடைத்துவிட்டுத் துணியை விரியுங்கள்.