காசு சேர்ப்பவர்களின் கேள்விகள்: எதில் வைப்பது, எப்படிக் காட்சிக்கு வைப்பது?

கேள்வி: அண்ணே, தாத்தாவின் விக்டோரியா வெள்ளி ரூபாய்களை ஆல்பத்தில் போட்டு வைத்தேன். இப்போது பார்த்தால் ஓரமெல்லாம் பச்சையாகப் பிசுபிசுக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: இன்றே வெளியே எடுத்தால் பெரும்பாலும் தப்பிவிடும், தம்பி. உங்கள் ஆல்பத்தின் தாள்கள் பிவிசியாக இருக்கும். மூக்கருகே பிடித்துப் பாருங்கள், புது ரெயின்கோட் வாடை வரும். பிவிசி சிதையும்போது அமிலம் வெளிவந்து, நாணயத்திலுள்ள செம்பைத் தின்னும். அந்த ரூபாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு செம்புதான்.

சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசை ஊறப்போடுங்கள். தேய்க்காமல் எடுத்து, தானாக உலர விடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் உதவாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு, விளக்கிலிருந்து தள்ளி வேலை செய்யுங்கள்.

அப்புறம் மைலார் (பிவிசி இல்லாத தெளிவான பிளாஸ்டிக் தாள்) ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்து மூடுங்கள். ஸ்டேப்ளர் பின்னின் முனைகளைக் குறடால் நசுக்கித் தட்டையாக்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் காசின் முகத்தில் கீறல் விழும். நல்ல ஹோல்டருக்குள் இருந்த காசுகளே இப்படிக் கீறுபடுவதை நிறையப் பார்க்கிறேன்.

கேள்வி: புளி, விபூதி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறதே, ஐயா?

பதில்: குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு வேண்டவே வேண்டாம். புளியின் அமிலம் மேல்படலத்தைக் கரைக்கும், விபூதி கீறும். ராஜராஜன் செப்புக்காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நின்ற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் பெயரும். தேய்ந்த காசில் அந்த எழுத்தைப் படிக்க முடிவதே பள்ளத்தில் கறுத்துத் தங்கிய படலத்தால்தான். அதைத் தேய்த்தெடுத்தால் மிஞ்சுவது வெறும் செப்புத்தகடு. மனசு கேட்பதில்லை.

கேள்வி: பழைய செப்புக்காசில் வெளிர்பச்சைப் பொடி உதிர்கிறது, அண்ணா.

பதில்: கெட்டியான கரும்பச்சை என்றால் விட்டுவிடுங்கள். பொடியாக உதிர்ந்தால், உள்ளே குளோரைடு உப்பு இருக்கிறது, ஈரம் படப்பட அரிக்கும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் தனியாக வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். அரிய காசென்றால் நீங்களே வைத்தியம் பார்க்காமல், உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே இதற்கென ரசாயனக்கூடம் தொடங்கினார்கள்.

கேள்வி: வரவேற்பறையில் ஃப்ரேம் போட்டு மாட்டலாமா, சார்?

பதில்: தாராளமாக. ஆனால் பசை, செலோடேப் எதுவும் காசில் படக்கூடாது. ஒவ்வொன்றையும் அக்ரிலிக் கேப்சூலில் அடைத்து, அமிலமில்லாத அட்டையில் வட்டம் வெட்டிப் பொருத்துங்கள். கம்பளித் துணி விரிக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பெட்டிகளும் வேண்டாம். அவை விடும் அமில ஆவியில் சாதவாகனர் ஈயக்காசு வெள்ளைப்பொடியாக உதிர்ந்துவிடும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

கேள்வி: பேங்க் லாக்கர்?

பதில்: வைக்கலாம். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் சுற்றாமல், ஜெல் பையோடு டப்பாவில் வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்ததும் ஒருமுறை போய்த் திறந்து பாருங்கள்.