குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலச் சிலந்தி: அடிக்கலாமா?

கேள்வி: சேலம் அடிவாரத்தில் எங்கள் வீடு. குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி அடிக்கடி வருகிறது. தோட்டத்தில் பொந்து விழுந்த பழைய மாமரமும் உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். விஷமா? அடித்துவிடலாமா?

பதில்: அடிக்க வேண்டாம். அநேகமாக எல்லாச் சிலந்திக்குமே கொஞ்சம் விஷம் இருக்கும். அது மனிதனை என்ன செய்யும் என்பதுதான் விஷயம். தட்டையான உடல், நண்டு மாதிரி பக்கவாட்டில் பரப்பிய மெல்லிய கால்கள், விளக்கைப் போட்டதும் விருட்டென்று ஓட்டம் என்றால் அது வேட்டைச் சிலந்தி. வலை பின்னாது, கரப்பான்பூச்சியைத் துரத்திப் பிடிக்கும். வயிற்றுக்கடியில் வெளிறிய வட்டமாக எதையாவது சுமந்தால், முட்டைப் பையோடு இருக்கும் பெண். பெரும்பாலும் கையில் பிடித்து நசுக்கினால்தான் கடிக்கும், வலியும் சீக்கிரம் போய்விடும்.

கவனம் வேண்டியது மாமரப் பொந்தில். சேலம் பகுதியின் சொந்தச் சிலந்தி ஒன்று உண்டு: மரத்தில் வாழும் டாரண்டுலா. 1899-லேயே அறிவியல் பெயர் பெற்றது, இன்று அழியும் ஆபத்தில் இருப்பது. கால்கள் தடித்து, ரோமம் அடர்ந்திருக்கும். முதுகில் சாம்பலும் கறுப்புமாக அழகான கோலம். சீண்டினால் முன்கால்களைத் தூக்கும், அடியில் மஞ்சள் தெரியும். அதைப் பார்த்தால் உடனே விலகிவிடுங்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கடித்தால் கடும் வலி, அப்புறம் சில நாட்களுக்கு விட்டுவிட்டுத் தசைப்பிடிப்பு. பொந்தில் கைவிடக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பொந்தை அடைக்காதீர்கள், அது அதன் வீடு.

சுவரில் இருப்பதை வெளியேற்ற, அகன்ற டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையை மெதுவாகச் செருகி வேலியோரம் விடுங்கள்.

கடித்துவிட்டால் சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். கட்டுப்போடுவதும் கீறுவதும் கூடாது. தசைப்பிடிப்பு, மூச்சுத் திணறல், முகவீக்கம் வந்தால் 108-ஐ அழையுங்கள். பாம்புக்கடி ஊசி இதற்கு வேலை செய்யாது.

இன்னொன்று. உடம்பில் ஒரே பக்கமாக எரிச்சலோடு கொப்புளம் வரிசை கட்டினால், 'எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டது' என்பார்கள். பெரும்பாலும் அது அக்கி, வைரஸால் வருவது. 3 நாளுக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். காவி பூசிக் காத்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.