சாப்பிட்ட சிப்பியில் முத்து கிடைத்தால் விற்க முடியுமா?

கேள்வி: வேகவைத்த சிப்பி சாப்பிடும்போது பட்டாணி அளவில் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு உருண்டை பல்லில் தட்டுப்பட்டது. 'இயற்கை முத்து, நல்ல விலை போகும். அதையும் சோதனைக்குக் கொஞ்சம் முன்பணமும் கொடுங்கள், விற்றுத் தருகிறேன்' என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பணமும் கொடுக்காதீர்கள், உருண்டையும் கொடுக்காதீர்கள்.

நகைக்குக் கடல் முத்து தருவது பெரும்பாலும் பிங்க்டாடா என்ற இனத்துச் சிப்பி. அதன் ஓட்டின் உள்பக்கம் மினுமினுக்கும்; அதே படலம்தான் முத்தின் மேலும் அடுக்கடுக்காகப் படிகிறது. நாம் சாப்பிடும் சிப்பி வேறு குடும்பம். அதன் ஓடு உள்ளே பீங்கான்போல மங்கலாக இருக்கும், அதில் விளையும் உருண்டையும் அப்படியே. இயற்கையாக உண்டானது என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் நகை வியாபாரத்தில் அதற்கு அநேகமாக மதிப்பே கிடையாது. போதாததற்கு வெந்தும்விட்டது, சூடு அதை இன்னும் கெடுத்திருக்கும். (மணல் புகுந்துதான் முத்து உண்டாகிறது என்பதையும் மறந்துவிடுங்கள். பெரும்பாலும் ஒட்டுண்ணியோ காயமோதான் காரணம்.)

அந்த ஆள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்: 'மினுமினுக்காத முத்தும் விலை போகிறதே!' போகிறது. கரீபியன் கடலில் ராணிச் சங்கு என்ற பெரிய சங்கில் இளஞ்சிவப்பு முத்து கிடைக்கும். மெலோ என்ற கடல் நத்தையில் ஆரஞ்சு நிறத்தில் கிடைக்கும். இரண்டிலும் அந்தப் படலம் இல்லை, ஆனாலும் விலை அதிகம். காரணம், அபூர்வமான நிறம். நல்லவற்றில் தீச்சுடர் அசைவதுபோன்ற கோலமும் தெரியும். ஆனால் அவை சங்கிலும் நத்தையிலும் கிடைப்பவை. நீங்கள் சாப்பிட்டது இரண்டு ஓடு உள்ள சிப்பி. அந்த விலையைக் காட்டி உங்கள் உருண்டையை யாரும் விற்க முடியாது. படம் காட்டினாலும் நம்பாதீர்கள்.

அப்புறம், உண்மையான முத்தா என்று பல்லில் தேய்த்துப் பார்ப்பார்கள். நறநறத்தால் பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ இல்லை என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். மனிதர் பண்ணையில் விளைவிக்கும் வளர்ப்பு முத்தும் நறநறக்கும். வினிகரில் போட்டாலோ நெருப்பில் காட்டினாலோ நல்ல முத்தும் பாழாகும். இன்னொரு கூட்டம், கேமரா முன்னால் சிப்பியைத் திறந்து முத்து எடுத்துக் காட்டி விற்கிறது. அவற்றில் பல, செத்த சிப்பிக்குள் சாயமேற்றிய நன்னீர் வளர்ப்பு முத்தைச் செருகி, பதப்படுத்தி அடைத்தவை. அதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் என்னிடம் வருகிறார்கள்.

கடல் முத்து இயற்கையானதா, வளர்த்ததா என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. ரத்தினச் சோதனைக் கூடத்தில் எக்ஸ்-ரே எடுத்துத்தான் சொல்ல முடியும். அந்த அறிக்கையோ படித்தவருக்கே புரியாத நடையில் இருக்கும். இது என்ன பொருள் என்றுதான் அதில் எழுதுவார்கள், விலை போடமாட்டார்கள். இதைச் சாதாரண மொழியில் ஒரு வரி அச்சடிக்க ஏன் இத்தனை தயக்கமோ! அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். அறிக்கையை மதிப்பீட்டுச் சான்றிதழ் என்று காட்டிப் பணம் பறிப்பார்கள், கையில் வாங்கிய முத்தை மாற்றியும் வைப்பார்கள். சோதிக்க வேண்டிய முத்து எதுவானாலும் எடைபோட்டு, படம் எடுத்து, நீங்களே கூடத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். உங்கள் உருண்டைக்கு அந்தச் செலவுகூட வேண்டாம், கட்டணமே அதன் விலையைத் தாண்டிவிடும்.