டீச்சர் பதில்கள்: லாபிஸில் வந்து குதித்தவர்கள்

கேள்வி: டீச்சர், 1964-இல் இந்தோனேசியப் படை நம் ஜொகூர் மாநிலத்து லாபிஸில் பாராசூட்டில் வந்து இறங்கியது என்று என் பேரன் எங்கேயோ படித்துவிட்டு வந்து கேட்கிறான். இன்று எங்கள் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் இந்தோனேசியர்கள். சண்டை போட்ட நாடு எப்படி இவ்வளவு சீக்கிரம் சிநேகிதம் ஆனது?
— ஒரு வாசகி, பெக்கோக்

பதில்: உண்மைதான் அம்மா. அப்போது எனக்கு 11 வயது. லாபிஸுக்கு வெளியே ஒரு பால்மரத் தோட்டம், அதில் லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. செப்டம்பர் 2 விடிவதற்குள் அப்படி ஓர் இடியும் மழையும். அந்த மழைக்குள்தான் இரண்டு விமானங்கள் 96 வீரர்களை இறக்கிவிட்டுப் போயின. வர இருந்தவை நான்கு. ஒன்று ஜகார்த்தாவிலிருந்து கிளம்பவே இல்லை, இன்னொன்று வழியில் கடலில் விழுந்தது. குதித்தவர்களும் காற்றில் சிதறி, ஆளுக்கொரு பக்கமாகக் காட்டிலும் தோட்டத்திலும் போய் விழுந்தார்கள். கூர்க்கா படையும் நியூசிலாந்துப் படையும் அவர்களைத் தேடிப் பிடிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது.

இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போன அப்பா பால்கத்தியோடு அப்படியே திரும்பி வந்தார். சில நாள் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. அப்புறம் ஒருநாள் மத்தியானம், பிடிபட்ட ஒருவனைப் படைவீரர்கள் லயத்துப் பக்கமாக நடத்திக்கொண்டு வந்தார்கள். இருபது வயதுதான் இருக்கும். சட்டை காய்ந்து சேறாக இருந்தது, காலில் அட்டை கடித்த இடமெல்லாம் ரத்தம் வழிந்து உறைந்திருந்தது. குழாயடியைக் கடக்கும்போது அவன் மலாயில் தண்ணீர் கேட்டான். எனக்குப் புரிந்தது, அம்மாவுக்கும் புரிந்தது. எதிரி பேசுவது நமக்குப் புரிகிறதே என்று நான் மிரண்டு போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா செம்பில் மொண்டு கொடுத்தார். "அவனுக்கா தண்ணி குடுக்கிற?" என்று பக்கத்து வீட்டு அத்தை சத்தம் போட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மலேசியா உருவாவதை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய 'கான்ஃப்ரண்டாசி' மோதல் 1963-இல் தொடங்கியது. மலேசியாவை நசுக்குவோம் என்று முழங்கினார் அந்நாட்டு அதிபர் சுகார்னோ. லாபிஸ் விவகாரத்தை நாம் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்குக் கொண்டுபோனோம். 9 நாடுகள் நம் பக்கம் கை தூக்கியும், சோவியத் யூனியன் தன் ரத்து அதிகாரத்தால் தீர்மானத்தைக் கவிழ்த்தது. ஆக, நியாயம் நம் பக்கம் இருந்தும் ஐ.நா.வால் ஒன்றும் ஆகவில்லை. போரை நிறுத்தியது, எதிராளி பின்வாங்க ஒரு வழி விட்டுவைத்த ராஜதந்திரம்தான். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, லாபிஸில் தேடுதல் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில் நடந்தது. 'விக்டோரியஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து சிங்கப்பூர் திரும்ப வேண்டும். ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவிலுள்ள சுந்தா நீரிணை வழியாக வரக்கூடாது என்றது இந்தோனேசியா. வந்தே தீருவோம் என்றால் போர், பேசாமல் ஒதுங்கிப் போனால் பிரிட்டனுக்கு அவமானம். கடைசியில், சுந்தாவில் கடற்படைப் பயிற்சி நடக்கிறது, லொம்போக் நீரிணை வழியாகப் போகலாமே என்று ஒரு பேச்சு வந்தது. கப்பல் லொம்போக் வழியாகப் போனது. யாருக்கும் தோல்வி இல்லை, ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

இரண்டாவது, சமாதானம் வந்த விதம். பின்னால் சுகார்னோவிடமிருந்து ஆட்சியைப் பிடித்த தளபதி சுகார்த்தோவின் ஆட்கள் சண்டை நடக்கும்போதே நம் தரப்போடு இரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் தானாட் கோமன் நடுவில் நின்று பேங்காக்கில் இரு தரப்பையும் உட்காரவைத்தார். 1966 ஆகஸ்ட் 11 அன்று ஜகார்த்தாவில் நம் துணைப் பிரதமர் துன் ரசாக்கும் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் ஆடம் மாலிக்கும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதில் ஒரு வரி: சபா, சரவாக் மக்கள் மலேசியாவில் இருக்கும் தங்கள் முடிவைப் பொதுத்தேர்தல் மூலம் மறுபடி உறுதி செய்யலாம். மூன்று வருடம் முழங்கிய நாடு தன் மக்களிடம் காட்டிக்கொள்ள அந்த வரி போதுமாக இருந்தது. நமக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. அதை எழுதியவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றும். ஓர் ஆண்டு கழித்து, 1967 ஆகஸ்ட் 8 அன்று, அதே துன் ரசாக்கும் அதே ஆடம் மாலிக்கும் பேங்காக்கில் மற்ற மூன்று நாடுகளோடு சேர்ந்து ஆசியானைத் தொடங்கினார்கள்.

நாங்கள் குடியிருந்த லயத்தில் இப்போது இருப்பவர் லொம்போக் தீவுக்காரர். சனிக்கிழமை சந்தையில் பார்த்தால் என் பையை வாங்கி மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வீடு வரை வந்து கொடுத்துவிட்டுப் போவார். பேரனை ஒருநாள் கூட்டி வாருங்கள் அம்மா, அந்தக் குழாயடி இன்னும் இருக்கிறது.

கேள்வி: எனக்கு நாலு ஏக்கர் செம்பனை. வெளிநாட்டு அரசியலுக்கும் என் குலை விலைக்கும் என்ன சம்பந்தம்?
— ஒரு வாசகர், சாஆ

பதில்: நிறைய இருக்கிறது தம்பி. 2019 செப்டம்பரில் அன்றைய பிரதமர் துன் மகாதீர் ஐ.நா. சபையில் காஷ்மீர் பற்றி இந்தியாவைக் கடுமையாகப் பேசினார். அந்த ஆண்டு நம் பாமாயிலை அதிகம் வாங்கிய நாடே இந்தியாதான். அடுத்த மாதமே, மலேசியாவிலிருந்து வாங்காதீர்கள் என்று அங்குள்ள எண்ணெய் வணிகர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் சொன்னது. 2020 ஜனவரி 8 அன்று சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு இந்திய அரசு கட்டுப்பாடு போட்டது.

அந்த ஆணையில் மலேசியா என்ற பெயரே கிடையாது. எல்லா நாட்டுக்கும் பொது. ஆனால் இந்தியாவுக்குச் சுத்திகரித்த எண்ணெயை அதிகம் அனுப்பியது நாம்தான், அடி யாருக்கு என்று எல்லாருக்கும் தெரிந்தது. பெயரைச் சொல்லாததால் பின்னால் தளர்த்திக்கொள்வதும் சுலபம். மார்ச்சில் இங்கே ஆட்சி மாறியது, மே மாதம் இந்திய வியாபாரிகள் மறுபடி வாங்க ஆரம்பித்தார்கள்.

ஒரு தலைவர் தன் மனசாட்சிப்படி பேசியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நியூயார்க்கில் பேசிய பேச்சின் சுமை சாஆவில் உங்கள் தராசில் வந்து ஏறுகிறது. அதைத் தாங்குகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று பேசுவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும். இதை நான் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: சரவாக் கடலுக்குள் சீனக் கப்பல்கள் வருகின்றன. பிலிப்பீன்ஸ் துணிந்து வழக்குப் போட்டது. நாம் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்? பயமா?
— ஒரு வாசகர், சிகாமட்

பதில்: வாயை மூடவில்லை ஐயா, தாழ்ந்த குரலில் பேசுகிறோம். 2009-இலேயே வியட்நாமோடு சேர்ந்து தென்சீனக் கடலில் நம் கண்டத்திட்டு எல்லையை ஐ.நா.வில் எழுத்தில் கொடுத்தோம். 2021 மே 31 அன்று 16 சீன ராணுவ விமானங்கள் சரவாக் கரையை ஒட்டி வந்தபோது நம் போர் விமானங்கள் எழும்பின. வெளியுறவு அமைச்சு சீனத் தூதரை அழைத்துக் கண்டித்தது. அது எந்த நாள் தெரியுமா? 1974-இல் துன் ரசாக் பெய்ஜிங் போய்ச் சீனாவோடு தூதரக உறவு தொடங்கிய அதே மே 31.

பிலிப்பீன்ஸ் 2016-இல் வழக்கில் ஜெயித்தது. சீனா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை, கப்பல்களும் போகவில்லை. நாம் எண்ணெய், எரிவாயு எடுப்பதை நிறுத்தாமல், சத்தமும் போடாமல் இருக்கிறோம். இந்த வழி சரி என்பதே என் கருத்து. ஒரு குறை மட்டும் உண்டு. கடலில் என்ன நடக்கிறது என்பதை அரசாங்கம் நம்மிடம் இன்னும் தாராளமாகச் சொல்லலாம். மீனவனும் வரி கட்டுகிறவனும் வெளிநாட்டுச் செய்தியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை நல்லதில்லை.

கேள்வி: பத்து பூத்தே தீவை சிங்கப்பூரிடம் இழந்தோமே. நீதிமன்றத்துக்குப் போனதே தப்பு இல்லையா?
— ஒரு வாசகர், யோங் பெங்

பதில்: இந்தோனேசியாவும் உரிமை கோரிய சிப்பாடான், லிகித்தான் தீவுகள் நமக்கே என்று 2002-இல் சொன்னதும் அதே அனைத்துலக நீதிமன்றம்தான். அன்று இந்தோனேசியா ஏற்றுக்கொண்டது, 2008-இல் நாமும் ஏற்றுக்கொண்டோம். எனக்கு வருத்தம் தீர்ப்பில் இல்லை, ஒரு கடிதத்தில். பத்து பூத்தே முதலில் ஜொகூர் சுல்தானகத்துக்குச் சொந்தமாக இருந்தது என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சிங்கப்பூர் கேட்டதற்கு 1953 செப்டம்பரில் ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர், அதன் மேல் ஜொகூர் உரிமை கோரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகும் பல வருடம் நம் பக்கத்திலிருந்து யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. 55 வருடம் கழித்து நீதிபதிகள் முன்னால் அந்தக் கடிதம் இருந்தது.