ரேடியோவில் கேட்ட கொலை வழக்குகள்: வாசகர் கேள்வி பதில்

பழைய வானொலிக் குற்ற நாடகங்கள், பாதி மறந்துபோன கொலை வழக்குகள் பற்றி நெல்லைச் சீமை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: சின்ன வயசுல ராத்திரி ரேடியோவுல ஒரு நாடகம் கேட்டோம். ரயிலில் போகும் டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடம்பு. செத்தவர் பேனாக் கடை வியாபாரி. நம்ம பக்கம் நடந்ததுதான் என்கிறார் எங்க அண்ணாச்சி. நிஜமா?
(வாசகர், விக்கிரமசிங்கபுரம்)

ப: வழக்கு நிஜம், ஆனால் நம்ம பக்கம் நடந்ததில்லை. நீங்கள் கேட்டது ஆளவந்தார் கொலை வழக்கு. சென்னையில் ஒரு பேனாக் கடையையொட்டி வியாபாரம் செய்துவந்தவர் ஆளவந்தார். 1952 ஆகஸ்ட் 28 அன்று காணாமல் போனார். உடல் இருந்த பெட்டி எழும்பூரில் ‘போட் மெயில்’ எனப்படும் தனுஷ்கோடி ரயிலில் ஏற்றப்பட்டது. நாற்றம் தாங்காமல் பயணிகள் முறையிட, மானாமதுரையில் பெட்டியை இறக்கித் திறந்தார்கள். தலை ராயபுரம் கடற்கரை மணலிலிருந்து கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவைதானா என்பதை நிறுவியது சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் பரிசோதனை.

நாடகம் தூக்குத் தண்டனையில் முடிந்ததாக நினைவிருந்தால் அது எழுதியவரின் கைவேலை. இந்த வழக்கில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. குற்றவாளிகளான பிரபாகர மேனனுக்கு 7 ஆண்டும் அவர் மனைவி தேவகிக்கு 3 ஆண்டும் நீதிபதி ஏ.எஸ்.பி. அய்யர் சிறை விதித்தார்.

அண்ணாச்சியின் குழப்பத்துக்கும் காரணம் சொல்லலாம். ‘போட் மெயில்’ என்ற பெயரை நம் பெரியவர்கள் தூத்துக்குடியோடு சேர்த்துத்தான் அறிவார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை அந்த ரயில் தூத்துக்குடிக்குத்தான் வந்தது; அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். அதன் பிறகுதான் தனுஷ்கோடிக்குப் போனது. எந்த ஆண்டுப் போட் மெயில் என்று கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு துப்பு: நாடகத்தில் ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) வந்தால், அது பெரும்பாலும் சென்னை உயர்நீதிமன்றமே நேரடியாக விசாரித்த நகர வழக்கு. பாகவதரும் கலைவாணரும் சிக்கிய 1944 லட்சுமிகாந்தன் கொலை வழக்கும் அப்படிப்பட்டதுதான். அதில் இருவருக்கும் தண்டனையாகி, மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1947-இல் விடுதலையானார்கள்.

கே: எங்க ஆச்சி ஒரு கொலைச்சிந்து பாடுவாங்க. வரப்புத் தகராறில் தம்பியை அண்ணன் வெட்டிய கதை. பாட்டுப் புத்தகம் அட்டை கிழிந்து கிடைத்திருக்கிறது. நிஜ வழக்கைத் தேடிப் பிடிக்க முடியுமா?
(வாசகி, திசையன்விளை)

ப: முடியும். ஆனால் பாட்டில் உள்ள எல்லாவற்றையும் துப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொலைக்கு முந்தின ராத்திரி மனைவி கண்ட கெட்ட கனவு, புறப்படும்போது பூனை குறுக்கே போனது, தாய் மார்பில் அடித்து அழுத ஒப்பாரி எல்லாம் சிந்து எழுதுகிறவர்களின் வாடிக்கையான அடுக்கு. பெயரை மட்டும் மாற்றி அடுத்த கொலைக்கும் அதையே பாடுவார்கள். ஊர்ப் பெயர், கிழமை, ஆயுதம், போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட்டுப் பெயர் ஆகியவற்றை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள்.

அடுத்து புத்தகத்தின் வயது. விலை எங்காவது மிஞ்சியிருக்கிறதா பாருங்கள். முன்னட்டை போனாலும் பின்பக்கத்திலோ கடைசிப் பக்க அடியிலோ அச்சகத்தின் பெயரோடு சேர்ந்து இருக்கும். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. ‘ந.பை.’ (நயா பைசா) என்றிருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964-க்கும் இடைப்பட்டது, ஏனென்றால் ‘நயா’ என்ற சொல் 1964 ஜூனில் விலக்கப்பட்டது. வெறும் ‘பைசா’ என்றால் அதற்கும் பிந்தியது. பாட்டின் கடைசிக் கண்ணிகளில் தமிழ் வருஷப் பெயர் வந்தால் இன்னும் நல்லது. விரோதி என்றால் 1949–50, விகாரி என்றால் 1959–60. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் விலையோடு ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டு ஓரளவு பிடிபட்டதும் பத்திரிகைக்குப் போங்கள். எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்கள் உண்டு. ரோஜா முத்தையாவில் இதுபோன்ற பாட்டுப் புத்தகங்களும் இருப்பதால் உங்கள் சிந்தின் முழுப் பிரதியே கிடைத்தாலும் கிடைக்கும். தினமலர் 1957-இல் திருநெல்வேலிக்கு வந்தது. அதற்குப் பிந்திய உள்ளூர்ச் செய்திக்கு அதைப் பாருங்கள்.

கொலை நடந்த வாரத்து இதழை மட்டும் புரட்டிவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். ஒரு கொலை வழக்கு பத்திரிகையில் மூன்று முறை தலைகாட்ட வாய்ப்புண்டு: சம்பவம் நடந்தபோது, மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து செஷன்ஸுக்கு அனுப்பியபோது, தீர்ப்பு வந்தபோது. முதல் செய்தி நாலு வரிதான் இருக்கும். பெயர்கள் தெளிவாக வருவது தீர்ப்புச் செய்தியில். சம்பவத்திலிருந்து ஒரு வருஷத்து இதழ்களையாவது பார்க்க வேண்டும்.

தூக்குத் தண்டனை என்று பாட்டில் வந்தால் உங்கள் வேலை சுலபம். செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்தால் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தே ஆக வேண்டும். அன்றைக்கும் அதுதான் சட்டம், இன்றைக்கும் அதுதான். ஆகவே உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கட்டாயம் எழுதப்பட்டிருக்கும். அது ‘ஆர்.டி.’ (ரெஃபர்டு டிரயல்) என்ற எண்ணோடும், சாதாரண மேல்முறையீடு ‘கிரிமினல் அப்பீல்’ எண்ணோடும் இருக்கும். பழைய சென்னைத் தீர்ப்புத் தொகுதிகளில் இவை ‘இன் ரீ’ (இன்னாரைக் குறித்து) என்று தொடங்கி எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரில் பதிவாகியிருக்கும். செத்தவர் பெயரில் தேடினால் கிடைக்காது. ஊரில் வழங்கிய பட்டப்பெயரிலும் கிடைக்காது. அப்பா பெயரோடு கூடிய முழுப்பெயர் வேண்டும். இந்தியன் கானூன் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அங்கே ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் எழுதிய டின்னவேலி, பாளம்கோட்டா, டூட்டிகோரின் என்ற பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேடுங்கள்.

எல்லை மாறிய விஷயமும் கவனத்தில் இருக்கட்டும். 1986 அக்டோபருக்கு முன் தூத்துக்குடி, திருச்செந்தூர் வழக்கெல்லாம் திருநெல்வேலி ஜில்லாக் கணக்கில்தான். தென்காசி பிரிந்தது 2019-இல்தான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால், அதற்கு முந்திய செங்கோட்டை வழக்கைப் பாளையங்கோட்டைக் கோர்ட்டில் தேடுவது வீண்.

செஷன்ஸ் கேஸ் எண்ணும் ஆண்டும் கிடைத்துவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் நகல் மனு போடலாம். வழக்கில் சம்பந்தப்படாதவர் என்பதால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று பிரமாண வாக்குமூலம் இணைக்க வேண்டும். எண் இல்லாமல் போனால் ரிக்கார்டு அறையில் யாராலும் உதவ முடியாது. சாட்சிகளின் வாக்குமூலம், சான்றுப் பொருள் பட்டியல் போன்ற கட்டுகள் காலக்கெடு முடிந்ததும் அழிக்கப்படும். தீர்ப்புதான் அதிக காலம் தங்கும். அதனால் ‘தீர்ப்பின் நகல்’ என்றே குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கே: குலசேகரன்பட்டினம் லோன் துரை கொலை எந்த வருஷம்? இரண்டு பேரைத் தூக்கில் போட்டார்களா?
(வாசகர், உடன்குடி)

ப: 1942 செப்டம்பர் 20. ஆகஸ்டுப் போராட்டத்தின்போது உப்பளத்தில் நடந்தது; லோன் உப்பு இலாகா அதிகாரி. காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்கு விதிக்கப்பட்டது உண்மை. ஆனால் தூக்கில் போடவில்லை; உயிர் தப்பி விடுதலையானார்கள்.

கே: மணியாச்சி ஆஷ் கொலையை 20 நிமிட ஒலி நாடகமாகப் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்ய ஆசை. கையில் இருப்பது ஒரு செல்போன் மட்டும். எப்படி ஆரம்பிக்க?
(ஆசிரியை, கடையநல்லூர்)

ப: நல்ல முயற்சி. எழுத்தில் தொடங்குவோம். நிதானமான நாடகப் பேச்சில் நிமிடத்துக்குத் தமிழில் 90 முதல் 100 சொல்தான் போகும். சத்தங்களுக்கும் இடைவெளிக்கும் 3 நிமிடம் ஒதுக்கினால் 1,600 சொல்லுக்குமேல் எழுதக் கூடாது. முதன்முறை எழுதுகிறவர்கள் இதைப்போல் இருமடங்கு எழுதிவிட்டு, பிள்ளைகளை வேகமாகப் பேசவைப்பார்கள். நாடகம் அதோடு போய்விடும். ஆறு குரலுக்கு மேல் வேண்டாம். ஒரே காட்சியில் ஒத்த குரலுடைய இரண்டு பையன்களைப் போடாதீர்கள். யார் பேசுகிறார் என்பது தெரிய, காட்சியின் முதல் நாலு வரிக்குள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட வேண்டும்.

இனி உண்மைகள். நாள் 1911 ஜூன் 17. கலெக்டர் ஆஷும் மனைவியும் கொடைக்கானல் போகும் வழியில் திருநெல்வேலியிலிருந்து வந்து, மணியாச்சியில் முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக அந்த ரயில் நின்றது. நேரம் காலை பத்தரையைத் தாண்டி. செங்கோட்டை வாஞ்சி பெட்டிக்குள் ஏறி பிரௌனிங் பிஸ்டலால் சுட்டார். பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டார். சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் 14 பேர். முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 1912-இல் ஏழாண்டுச் சிறை. நாடகங்களில் நீலகண்டனையும் பிளாட்பாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அவர் அன்று அங்கே இல்லை. நீதிமன்றக் காட்சியில் வாஞ்சியைப் பேசவைப்பதும் தவறு. அவர் விசாரணைக்கு முன்பே இறந்துவிட்டார்.

சத்தத்தில் நடக்கும் பெரிய பிழை ரயில். இன்றைய மணியாச்சிக்குப் போய்ப் பதிவு செய்தால் மின்சார எஞ்சினின் ஹாரன்தான் கிடைக்கும். 1911-இல் அது மீட்டர்கேஜ் நீராவி ரயில். இரண்டு மரக்கட்டைகளில் உப்புத்தாள் ஒட்டி, ஒன்றோடொன்று ‘ஷக்–ஷக்–ஷக்–ஷக்’ என்று நாலு தட்டாகத் தேயுங்கள், முதல் தட்டுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்து. மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தேய்த்தால் எஞ்சின் தத்ரூபமாக வரும். ரயில் நிற்பதற்கு வேகத்தைக் குறைத்தால் போதும். ஸ்டேஷன் மணிக்குத் தொங்கவிட்ட இரும்புத் துண்டைச் சுத்தியலால் அடியுங்கள். கோயில் மணி கூடாது. ஜல்லி பரப்பிய தட்டில் செருப்புக் காலால் நடந்தால் பிளாட்பாரத்து ஓட்டம்.

துப்பாக்கிச் சத்தத்துக்குப் பட்டாசு கொளுத்தாதீர்கள். மூடிய அறையில் மைக் தாங்காமல் சத்தம் உடைந்து ‘டப்’ என்று மொட்டையாகக் கேட்கும், பிள்ளைகளுக்கும் ஆபத்து. ஒரு அடி மர ஸ்கேலை ரெக்ஸின் மெத்தையில் தட்டையாக ஓங்கி அடியுங்கள், போனிலிருந்து மூன்று அடி தள்ளி. அடித்த பிறகு ஒரு முழு வினாடி எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது. அதன் பிறகுதான் அலறல். உடனே அலறல் வந்தால் துப்பாக்கிச் சத்தம் அதில் அமுங்கிவிடும்.

பதிவு அறையில் ஃபேனை நிறுத்தி, சுவரை ஒட்டிப் போர்வையோ ஜமுக்காளமோ தொங்கவிடுங்கள். வகுப்பறையில் எதிரொலி அதிகம். புத்தக அறை நல்லது. போனை விமானப் பயன்முறையில் வைத்து, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நிறுத்தினால் ‘ப’, ‘பு’ வரும்போது காற்று மோதாது. வசனத்தைத் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுங்கள். பின் குத்திச் சேர்த்த தாள்களைப் புரட்டினால் சரசரப்பு அப்படியே பதிவாகும்.

ஆஷ் வழக்கு நூறு வருஷம் தாண்டியது என்பதால் தடையில்லை. அடுத்து ஊர்க் கொலை ஏதாவது செய்ய நினைத்தால் பெயர்களை மாற்றுங்கள். இறந்தவரைப் பற்றியதாக இருந்தாலும் குடும்பத்தார் மனம் புண்படும்படி சொன்னால் அவதூறு வழக்குக்கு இடமுண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம்.

கே: கடலோர ஊர்களில் சிலோன் ரேடியோ நாடகம் ராத்திரி அவ்வளவு தெளிவாகக் கேட்டதன் காரணம்?
(வாசகர், உவரி)

ப: இடையில் மன்னார் வளைகுடா. மத்திய அலை நிலத்தைவிட உப்புத் தண்ணீர்மேல் அதிக தூரம் வலுக்குறையாமல் போகும். பகலில் மேல்வானில் உள்ள மின்னூட்ட அடுக்கு ஒன்று அலையை உறிஞ்சிவிடும். ராத்திரியில் அது கரைந்துவிடுவதால் இன்னும் உயரே பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து கிடைக்கும். இரண்டும் மோதும் இடங்களில் குரல் ஏறி இறங்கும். திருநெல்வேலி வானொலி நிலையம் வந்ததே 1963 டிசம்பரில்தான். அதற்கு முன் கேட்ட நாடகம் என்றால் பெரும்பாலும் சிலோனிலோ திருச்சியிலோ கேட்டிருப்பீர்கள்.

கே: அப்பா எண்பதுகளில் ரேடியோவிலிருந்து பிடித்த நாடக கேசட்டுகள் இருக்கின்றன. சிலவற்றில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி?
(வாசகர், தென்காசி)

ப: வெள்ளை பூத்ததை எடுத்தவுடன் ஓட்டாதீர்கள், அது பூஞ்சை, டேப் ரிக்கார்டரின் ஹெட்டுக்கும் (நாடாவைப் படிக்கும் பகுதி) பரவும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். அவற்றைத் தனியே வையுங்கள். நல்லவற்றை முதலில் முடியுங்கள்.

ஓட்டுமுன் கேசட்டைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள். ஹெட் படும் இடத்தில் உள்ளே சின்னப் பஞ்சுத் திண்டு இருக்கும். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது உதிர்ந்திருந்தால் குரல் மங்கி, மங்கி வரும். ஐந்து திருகாணி போட்ட கேசட் என்றால் கழற்றி, டேப்பை நல்ல கூட்டுக்கு மாற்றலாம். டேப் அறுந்திருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள்; பசை கசிந்து சுற்றுகளை ஒட்டிவிடும். டேப் ஒட்டுவதற்கென்றே விற்கும் பட்டைதான் வேண்டும். சி–90 (90 நிமிட) நாடா சி–60-ஐவிட மெல்லியது, மெதுவாகக் கையாளுங்கள்.

ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு மட்டும் ஆல்கஹால் வேண்டாம், ஈரத்துணி போதும். கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினால் இறுக்கம் சீராகும். குரல் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மந்தமாக இருந்தால் ஹெட்டின் பக்கத்திலுள்ள சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பி, ‘ச’, ‘ஸ’ ஒலி எங்கே கூர்மையாகிறதோ அங்கே நிறுத்துங்கள். திருப்புமுன் பழைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டேப் ரிக்கார்டரின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு ஒயர் போடுங்கள். மைக் துளையில் செருகினால் சத்தம் உடையும். டால்பி (இரைச்சல் குறைக்கும் வசதி) அணைத்தே இருக்கட்டும். அளவு முள் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோவில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு மணி நேரம் 320 எம்.பி. அளவு வரும். அடியில் ‘ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நீக்கும் வேலையைப் பிரதி எடுத்ததில் மட்டும் செய்யுங்கள்; மூலக் கோப்பை அப்படியே இரண்டு இடத்தில் வையுங்கள். கோப்பின் பெயரில் நாடகத் தலைப்போடு, கேசட் உறையில் அப்பா எழுதிய தேதியும் நிலையத்தின் பெயரும் சேரட்டும். பூஞ்சை பிடித்தவற்றுக்குப் பழைய, இழந்தால் வருத்தமில்லாத ஒரு டேப் ரிக்கார்டரைத் தனியாக ஒதுக்கி, ஒவ்வொரு கேசட் முடிந்ததும் ஹெட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.