பெரியப்பா கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் தங்கச்சிமடம், ஆர்.சி. குடும்பம். அப்பா இறந்த பிறகு தாத்தாதான் என்னையும் தம்பியையும் வளர்த்தார். அவரும் போன வருடம் காலமானார். ‘என் மூத்த மகன், என் மகள், என் தம்பி ஆகிய மூவர் சம்மதத்துடன் என் பேத்தி திருமணம் செய்துகொண்டால் வீடும் தென்னந்தோப்பும் அவளுக்குச் சேர வேண்டியது’ என்று பதிவு செய்த உயிலில் எழுதியிருக்கிறார். சின்னத் தாத்தா பிறகு இறந்துவிட்டார். நான் விரும்புகிறவர் மண்டபம் ஊரில் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். அத்தை கல்யாணப் புடவையே எடுத்துக் கொடுத்துவிட்டார். ‘உன் இஷ்டம்போலச் செய் தாயி, நான் வந்து நிற்கிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெரியப்பா, தோப்பை ஆள் வைத்து அளந்த பிறகு ‘சம்மதம் இல்லை’ என்கிறார். கிறிஸ்தவப் பெண்ணுக்குக் கால் பங்குதான் என்றும் சொல்கிறார். பாட்டி இருக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: கால் பங்குக் கதையை முதலில் முடித்துவிடலாம். அது திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், 1916. மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்றது. மேரி ராய் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. ராமநாதபுரமோ சென்னை மாகாணத்தில் இருந்த சீமை. அந்தச் சட்டம் இங்கே ஒருநாளும் செல்லுபடியானதில்லை. உங்களுக்குப் பொருந்துவது இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பங்கு.

இனி உயில். யார் சம்மதத்தோடு கல்யாணம், சம்மதம் தந்தவர் மனம் மாறினால் என்ன என்பதையெல்லாம் அந்தச் சட்டம் உதாரணம் சொல்லியே விளக்குகிறது. 128-ம் பிரிவின் உதாரணங்களைப் படித்தால் பழைய காதல் தொடர்கதை போல இருக்கும். முன்நிபந்தனையைச் சாராம்சத்தில் நிறைவேற்றினால் போதும் என்பது அந்தப் பிரிவின் விதி. மூவரில் ஒருவர் இறந்துவிட்டால் மற்ற இருவர் சம்மதம் போதும். ஆகவே சின்னத் தாத்தாவால் சிக்கல் இல்லை. கல்யாணத்துக்கு முன் பரிசு அனுப்பியதையும் அந்த உதாரணங்கள் சம்மதக் கணக்கில் சேர்க்கின்றன. அத்தையின் புடவை அந்த வகை.

பெரியப்பா விஷயத்தில்தான் கவனம் வேண்டும். நிபந்தனையில்லாமல் சம்மதம் தந்தவர்கள் பிறகு காரணமின்றி மனம்போன போக்கில் பின்வாங்கினாலும், அதே நபரைத் திருமணம் செய்தவருக்குச் சொத்து சேரும் என்கிறது இன்னொரு உதாரணம். ‘பையன் நம்ம சபைக்கு வந்தால் சரி’ என்று அவர் எழுதியிருந்தால் அது நிபந்தனையுள்ள சம்மதம், உதவாது. நீங்கள் அனுப்பியிருக்கும் வரியில் நிபந்தனை எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செய்தி வருவதற்கு முன்பே, பையன் சி.எஸ்.ஐ. என்பது அவருக்குத் தெரியுமா? உரையாடலை மேலே தள்ளிப் பாருங்கள். சபையின் பேரோ பையனின் பேரோ அங்கே இருந்தால் உங்கள் கை ஓங்கும். இல்லையென்றால் ‘என்னிடம் மறைத்தார்கள்’ என்பார். வழக்கு அங்கேதான் இழுபடும்.

அந்த உரையாடலில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் நீதிமன்றம் ஏற்காது. பாரதிய சாட்சிய சட்டம், 2023-ன் 63-ம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அத்தையிடம் தேதியோடு ஒரு கடிதம் இப்போதே வாங்கிவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கும் சம்மதம் செல்லாது என்றும் அதே பிரிவில் உதாரணம் இருக்கிறது. ‘முதலில் ரிஜிஸ்டர் பண்ணிடுவோம், பிறகு சமாதானம் ஆகிடுவாங்க’ என்று நண்பர்கள் சொன்னால் கேட்க வேண்டாம்.

உயிலின் சான்றிட்ட நகலை வாங்கிக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். உயில் எழுதியவர் இறந்த பிறகு, பதிவான அலுவலகத்தில் இறப்புச் சான்றுடன் மனுச் செய்தால் கிடைக்கும். மூன்று விஷயம் பாருங்கள். ‘சம்மதமின்றித் திருமணம் செய்தால் இன்னாருக்குப் போக வேண்டியது’ என்று தனி வரி இருக்கிறதா? இருந்தால் 132-ம் பிரிவு வரும். அந்த நிபந்தனை எழுத்துக்கு எழுத்து நிறைவேறினால்தான் சொத்து கைமாறும், மூவரில் ஒருவர் இறந்துவிட்டாலே அந்த இன்னாருக்குப் போகாது. அடுத்து, நீங்களே சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் 67-ம் பிரிவுப்படி உங்களுக்கு எழுதியது செல்லாது. மற்றபடி உயில் நிற்கும். கடைசியாக, ‘மீதிச் சொத்து’ யாருக்கு என்ற வரி, அதாவது உயிலில் யாருக்கும் சேராமல் நிற்கும் சொத்து யாருக்கு என்பது.

ஒருவேளை நிபந்தனை தோற்றுப்போய், மீதிச் சொத்து வரியும் இல்லையென்றால்கூட எல்லாம் பெரியப்பா மடியில் விழாது. பாட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் பெரியப்பா, அத்தை, உங்கள் அப்பா என்று மூன்று கிளைக்கு, தலா 2/9. அப்பா பங்கு உங்களுக்கும் தம்பிக்கும் வரும், ஆளுக்கு 1/9. மருமகளான உங்கள் அம்மாவுக்குச் சட்டப்படி எதுவும் இல்லை. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடிக்காத இடம் இது.

கல்யாணத்தை மட்டும் எந்த உயிலும் தடுக்காது. ஆர்.சி. கோவிலில் என்றால் பங்குத் தந்தை மூலம் சிவகங்கை மறைமாவட்ட ஆயரின் அனுமதி வாங்க வேண்டும். ஞானஸ்நானச் சான்று, ஓலை வாசிப்பு (கோவிலில் திருமண அறிவிப்பு) எல்லாம் உண்டு, நாள் பிடிக்கும். ஆயர் விலக்கு இல்லாமல் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் நடத்தினால் அரசுச் சட்டப்படி செல்லும், கத்தோலிக்கச் சபை ஏற்காது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் போனால் 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சி. எந்த வழியில் போனாலும் உங்கள் சொத்துரிமை மாறாது.

பட்டாவைப் பெரியப்பா தன் பேருக்கு மாற்றாமல் இருக்க வட்டாட்சியரிடம் இப்போதே ஆட்சேபனை மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். கிறிஸ்தவர் உயிலுக்கு 2002 திருத்தத்துக்குப் பிறகு புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயமில்லை. ‘புரோபேட் வாங்கி வா’ என்று யாராவது திருப்பி அனுப்பினால் அதைச் சொல்லுங்கள். அவர் தடையாணை கேட்டுப் போவார் என்று தோன்றினால் ‘என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்’ என்று நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டு வைக்கலாம். 90 நாள்தான் உயிர், பிறகு புதிதாகப் போட வேண்டும். பாட்டியின் மருத்துவச் செலவு, தம்பி படிப்பு என்று எதைச் சொல்லியும், ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று விடுதலைப் பத்திரத்தை (உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) நீட்டினால் போடாதீர்கள். உதவி செய்ய நினைத்தால் பணமாகக் கொடுங்கள்.